புலிப் படத்தில் கண் மட்டும் ஏன் கருங்குழியாக வருகிறது?

கேள்வி இதுதான். நண்பர் ஒருவர் ஏப்ரலில் பந்திப்பூர் போயிருக்கிறார். வாழ்க்கையில் முதல் புலி. கை நடுங்க நடுங்க நூற்றுச் சொச்சம் படம் எடுத்திருக்கிறார். வரி கூர்மையாக இருக்கிறது, மீசைமுடியை எண்ணலாம், ஆனால் எல்லாப் படத்திலும் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கருங்குழிகள். "லென்ஸை மாத்தணுமா, கேமராவை மாத்தணுமா?" என்று கேட்டிருக்கிறார். கூடவே மூன்று சில்லறைக் கேள்விகள்: புலிக்கு நிறம் தெரியுமா? நாம் போட்டுக்கொண்டு போகும் பச்சைச் சட்டையால் ஏதாவது பயன் உண்டா? இரவுப் படங்களில் மட்டும் கண் ஏன் பல்பு மாதிரி எரிகிறது?

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். எதையும் மாற்ற வேண்டாம். அவர் அனுப்பியிருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃபோகஸ் சரியாகக் கண்ணில்தான் விழுந்திருக்கிறது, கீழ் இமையின் கருப்பு விளிம்பு கத்தி மாதிரி இருக்கிறது. படம் எடுத்த நேரம் மாலை மூன்றே முக்கால். புலி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வண்டிப்பாதையில் நடந்து வருகிறது. கருங்குழிக்குக் காரணம் இந்த இரண்டு தகவலிலேயே இருக்கிறது.

கண் என்பது ஈரமான, உருண்டையான ஒரு கண்ணாடி. அதற்கு எதிரே என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். வானம் எதிரே இருந்தால் கண்ணின் மேல்பாதியில் ஒரு வெளிச்சத் துண்டு விழும். படமெடுப்பவர்கள் கேட்ச்லைட் என்று சொல்வது அதைத்தான். அந்தத் துண்டு இருந்தால் விலங்கு உயிரோடு தெரியும், இல்லாவிட்டால் பாடம் பண்ணி வைத்த தலை மாதிரி இருக்கும். நடக்கும் புலி தலையைத் தோள்மட்டத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு நடக்கும். அப்போது அதன் கண்ணுக்கு எதிரே இருப்பது மண்ணும் சருகும்தான். ஏப்ரல் மாத மூன்றே முக்கால் மணி வெயில் இன்னும் நன்றாக மேலேதான் இருக்கும். புருவ எலும்பு கண்ணுக்குக் குடை பிடித்துவிடுகிறது. மேலிருந்து நிழல், கீழிருந்து மண்ணின் பிரதிபலிப்பு. பத்து லட்ச ரூபாய் லென்ஸ் வைத்திருந்தாலும் இதே கருங்குழிதான் வந்திருக்கும்.

இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. புலியின் ஒவ்வொரு கண்ணுக்கு மேலேயும் பளீரென்று ஒரு வெள்ளைத் திட்டு உண்டு. வெயில் நேராக விழுந்தால் அது சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி எரியும். கண்ணை வெளிச்சமாக்க நினைத்து எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தின் அளவை, ஏற்றினால் வெள்ளைத் திட்டில் இருக்கும் முடி எல்லாம் கரைந்துபோகும், பிறகு எந்த மென்பொருளாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பின்னணி இருட்டுக் காடாக இருந்தால் கேமராவே ஏமாந்து எக்ஸ்போஷரை ஏற்றிவிடும். அதனால் நான் புலிக்கு எப்போதும் அரை ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை குறைத்தே வைப்பேன் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). வெள்ளையைக் காப்பாற்றிவிட்டால் நிழலைப் பிறகு கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம்.

இப்போது கண்மணிக்கு வருவோம். வீட்டுப் பூனையின் கண்மணி வெயிலில் நெட்டுக்குத்தாக ஒரு கோடாகச் சுருங்கும். புலிக்கு அப்படி இல்லை, நமக்குப் போல வட்டமாகவே சுருங்கும். ஏன் இந்த வேறுபாடு என்பதை கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் பேங்க்ஸ் என்பவரும் அவர் குழுவினரும் 214 நிலவாழ் விலங்குகளை ஒப்பிட்டு ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். பதுங்கிப் பாயும் விலங்குகளில் தரைக்கு நெருக்கமாகத் தலை வைத்திருப்பவற்றுக்குத்தான் கோட்டுக் கண்மணி அதிகம். கோடு வைத்திருந்தவற்றில் பெரும்பாலானவை தோள் உயரம் 42 சென்டிமீட்டருக்கும் குறைவானவை. தரையோடு தரையாக இருந்து தூரத்தைக் கணக்குப் போட அந்தக் கோடு உதவுகிறது, உயரம் கூடக் கூட அந்த லாபம் குறைகிறது என்பது அவர்கள் விளக்கம். புலியின் தோள் ஏறத்தாழ நம் இடுப்பளவு வரும். அதற்குக் கோடு தேவைப்படவில்லை.

படமெடுப்பவனுக்கு இதனால் என்ன என்று கேட்டால், நிறைய இருக்கிறது. புலிக் கண்ணின் அழகு கண்மணியைச் சுற்றியுள்ள தேன்நிற வளையத்தில்தான். கண்மணி கடுகளவுக்குச் சுருங்கினால் வளையம் அகலும், கண் முழுக்கத் தேன். மூங்கில் புதருக்குள் நிழலில் படுத்திருக்கும் புலிக்குக் கண்மணி விரிந்து வளையத்தை விழுங்கிவிடும், கண் முழுக்கக் கருப்பு. ஆக, நல்ல வெளிச்சமும் வேண்டும், அந்த வெளிச்சம் புருவத்துக்கு அடியில் நுழையும்படி தாழ்வாகவும் வர வேண்டும். இரண்டும் சேர்வது காலையில் சூரியன் மரத்தலைக்கு மேலே வந்த முதல் ஒரு மணி நேரத்திலும், மாலையில் கடைசி ஒரு மணி நேரத்திலும்தான். அதுவும் வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து புலியின் முகத்தில் விழ வேண்டும். இதற்கு வெளியே ஒரே ஒரு விதிவிலக்கு மேகமூட்டம். வானம் முழுவதும் ஒரே விளக்காகிவிடுவதால் ஜூலை, ஆகஸ்டில் பதினொரு மணிக்குக்கூடக் கண் உயிரோடு வரும். கண்மணி கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும், ஆனால் அந்த மென்மை வெயிலில் கிடைக்காது. மழைக்காலத்தில் காட்டுக்குப் போவதை வீண்செலவு என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கர்நாடகத்தின் கபினிக் காட்டில் ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். காலை சஃபாரி. உண்ணிச்செடிப் புதருக்குள் பெண்புலி ஒன்று படுத்திருந்தது. காதும் நெற்றியும் மட்டும் தெரிந்தன. நாற்பது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போய்விட்டன. திடீரென்று மேலே மரத்தில் மந்தி ஒன்று கத்தியது. புலி தலையை நிமிர்த்தி மரத்தைப் பார்த்தது, அவ்வளவுதான். இரண்டு வினாடி. அந்த இரண்டு வினாடியில் கண் இரண்டும் விளக்குப் போட்ட மாதிரி ஆயின. வானத்தின் நீலமும் மரக்கிளையின் கோடும் கண்ணின் மேல் விளிம்பில் தெரிகின்றன. என் கேமரா அந்த நேரம் பார்த்து உண்ணிச்செடியின் ஒரு குச்சியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. முதல் ஐந்து படமும் குச்சி. ஆறாவது படம்தான் கண். அன்றிலிருந்து புலி நடக்கும்போது விரலை அடக்கி வைத்து, அது தலையை நிமிர்த்தும் கணத்துக்குக் காத்திருக்கப் பழகிக்கொண்டேன். கடமானோ மந்தியோ குரல் கொடுத்தால், மயில் அகவினால், வேறொரு புலியின் வாடை வந்தால் நிமிரும். மரத்தில் சிறுநீர் பீய்ச்சுமுன் மோந்து பார்க்கும்போதும் முகம் மேலே வரும். அந்தத் தருணங்களை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதுதான் வேலை.

குச்சி விஷயத்துக்கு ஒரு வார்த்தை. இப்போது வரும் கேமராக்கள் விலங்கின் கண்ணைத் தாமாகவே தேடிப் பிடிக்கின்றன. திறந்த வெளியில் அது உண்மையிலேயே வரம். புல்லுக்குள், புதருக்குள் அதை நம்பாதீர்கள். ஒற்றைப் புள்ளியை நீங்களே கண்ணில் வைத்து, பின்பக்கப் பொத்தானால் ஃபோகஸ் பிடித்துவிட்டு விரலை எடுத்துவிடுங்கள். புலி அசையாதவரை ஃபோகஸும் அசையாது.

எவ்வளவு துல்லியமாகப் பிடிக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. 600 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 4 (லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் கூடினால் துவாரம் சுருங்கும்), பழைய ஃபிலிம் அளவு சென்சார் உள்ள முழு ஃபிரேம் கேமரா. புலி 20 மீட்டர் தூரத்தில் இருந்தால் கூர்மையாக வரும் ஆழம் மொத்தம் சுமார் 27 சென்டிமீட்டர். அதே புலி 10 மீட்டருக்கு வந்துவிட்டால் ஆறரை சென்டிமீட்டர்தான். புலியின் மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் இடையே உள்ள தூரம் அதைவிட அதிகம். நேராக உங்களைப் பார்க்கும் புலியின் மூக்கில் ஃபோகஸ் விழுந்தால் கண் போச்சு. முகம் சற்றுத் திரும்பியிருந்தால் இரண்டு கண்ணில் ஒன்றுதான் கூர்மையாக வரும், அது உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணாக இருக்கட்டும். எஃப் 8-க்குப் போனால் ஆழம் இரண்டு மடங்காகும், ஆனால் அதிகாலையில் அதற்கு வெளிச்சம் இருக்காது. புலிகள் காப்பகச் சுற்றுலாவுக்கான 2012 வழிகாட்டு நெறிகளிலேயே விலங்குக்கும் நமக்கும் 20 மீட்டர் இடைவெளி கேட்டிருக்கிறார்கள். புலிக்காகச் சொன்னதுதான் என்றாலும் படத்துக்கும் அதுதான் நல்லது. டிரைவரிடம் "இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்கண்ணா" என்று நச்சரிப்பவர்கள் தங்கள் படத்தைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள்.

எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள், அதிர்வில் கண் குழம்பும். கோடையில் சூடான மண்பாதைக்கு மேலே காற்று நெளியும்போது நூறு மீட்டர் தூரத்துப் புலியின் கண்ணை எந்த லென்ஸாலும் கூர்மையாக எடுக்க முடியாது. சும்மா கேமராவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணால் பாருங்கள்.

சரி, அந்தக் கண் நம்மை எப்படிப் பார்க்கிறது?

பூனைக் குடும்பத்துக்கு நிறம் தெரியும், ஆனால் நமக்குத் தெரிகிற அளவுக்கு இல்லை. நம் விழித்திரையில் நிறம் காணும் கூம்புச் செல்கள் மூன்று வகை, அவற்றுக்கு இரண்டு வகை. நீலமும் மஞ்சள்-பச்சையும் பிரிந்து தெரியும். சிவப்பும் பச்சையும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும். அதனால் உங்கள் பச்சைச் சட்டைக்கும் பக்கத்து இருக்கைக்காரரின் செங்கல் நிறச் சட்டைக்கும் புலி பெரிய வித்தியாசம் காணாது. வெள்ளைச் சட்டை வேறு விஷயம், அது நிறத்தால் அல்லாமல் பளபளப்பால் காட்டிக்கொடுக்கும். எல்லாவற்றையும்விடக் காட்டிக்கொடுப்பது அசைவு. ஏழாயிரம் ரூபாய்க்கு இலைதழை அச்சடித்த உடுப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு, புலியைக் கண்டதும் எழுந்து நின்று கையை நீட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அழுக்கு லுங்கியோடு அசையாமல் உட்கார்ந்திருப்பவன் அவரைவிட நன்றாக மறைந்திருப்பான்.

புலியின் உடம்பு நிறமும் இதே கணக்கில்தான் வருகிறது. நம் கண்ணுக்கு ஆரஞ்சு நிறத்தில் எரிகிற ஒரு விலங்கு பச்சைக் காட்டில் எப்படி ஒளிகிறது? மானுக்கும் கூம்புச் செல் இரண்டு வகைதான். அதன் கண்ணில் புலியின் ஆரஞ்சும் இலையின் பச்சையும் ஒரே மாதிரிப் பழுப்புப் பச்சையாக விழுகின்றன. பிரிஸ்டல் பல்கலைக்கழகக் குழுவொன்று 2019-இல் இதைக் கணினியில் செய்தே காட்டியது. வேங்கைப் பூ உதிர்ந்து கிடக்கும் பாறையைப் புலிக்குட்டி என்று மயங்கும் காட்சி சங்கப் பாட்டில் வரும். அந்த மஞ்சளை அப்படிப் பார்க்க மூன்று வகைக் கூம்பு உள்ள மனிதக் கண் வேண்டும், மான் மயங்குவது வேறு மாதிரி.

நிறத்தில் இழந்ததை இருட்டில் சம்பாதித்துக்கொள்கிறது புலி. மங்கல் ஒளியைக் காணும் கோல் செல்கள் அதன் விழித்திரையில் ஏராளம். அதற்கும் பின்னால் டேப்பீட்டம் லூசிடம் என்று ஒரு பளபளப்பான படலம் இருக்கிறது. விழித்திரையில் பிடிபடாமல் தப்பிப்போன ஒளியை இந்தப் படலம் மறுபடி உள்ளேயே திருப்பி அனுப்பும், செல்களுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்கும். நாம் பார்க்கத் தேவைப்படும் வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்கு இருந்தாலே வீட்டுப் பூனைக்குப் போதும் என்பார்கள், அதற்கு இந்தப் படலமும் ஒரு காரணம். நமக்கு இந்தப் படலம் கிடையாது. ஃபிளாஷ் போட்ட கல்யாணப் படங்களில் நம் கண் சிவப்பாக வருவது விழித்திரைக்குப் பின்னால் ஓடும் ரத்தத்தின் நிறம். புலிக்கு அதே ஒளி படலத்தில் பட்டு மஞ்சள்-பச்சையாகத் திரும்பி வருகிறது. இரவுப் படத்தில் எரிவது அதுதான்.

அந்த ஒளி வந்த வழியிலேயே திரும்பிப் போகும் என்பதைக் கவனியுங்கள். ஃபிளாஷ் லென்ஸை ஒட்டி இருந்தால் கண் எரியும், நன்றாகத் தள்ளி வைத்தால் எரியாது. காட்டில் இரவில் ஃபிளாஷ் அடிக்க நமக்கு அனுமதி இல்லை, தேவையும் இல்லை. நீங்கள் பார்க்கும் அந்த இரவுப் படங்கள் பெரும்பாலும் தானியங்கிக் கேமராக்கள் எடுத்தவை. இந்த வேலையை இந்தியாவில் 1920-களிலேயே எஃப். டபிள்யூ. சாம்பியன் என்ற வன அதிகாரி தொடங்கிவிட்டார். புலி வரும் தடத்தில் கம்பி கட்டி, அதன் கால் பட்டதும் கேமராவும் ஃபிளாஷும் இயங்கும்படி வைத்தார். இன்று கணக்கெடுப்பே அப்படித்தான் நடக்கிறது. 2018 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். அவர்களுக்குக் கண்ணைவிட விலாவின் வரிதான் முக்கியம், கைரேகை மாதிரி ஒவ்வொரு புலிக்கும் அது வேறு. வெள்ளை ஃபிளாஷ் உள்ள கேமராவில் வரி தெளிவாக வரும், கண் எரிந்தால் எரியட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

வண்டலூரில் வெள்ளைப்புலியை எடுத்துவிட்டு, "கண் நீலமா வந்திருக்கே, ஒயிட் பேலன்ஸ் தப்பா?" என்று கேட்பவர்களும் உண்டு. கேமராவின் நிற அமைப்பில் தப்பில்லை, அதன் கண்ணே நீலம்தான். நிறமி குறைவதால் முடி வெளுப்பது போலக் கண்ணும் வெளுக்கிறது. கொஞ்சம் மாறுகண்ணாகவும் தெரியும். அதுவும் உங்கள் கேமராக் கோணம் இல்லை. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகளில் சில தப்பான பக்கம் போய்ச் சேர்கின்றன என்று 1973-லேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். 1951-இல் ரேவா காட்டில் பிடிபட்ட மோகன் என்ற ஒரே வெள்ளைக் குட்டியின் வழியில் நெருங்கிய உறவுக்குள்ளேயே திரும்பத் திரும்ப இனம் பெருக்கியதன் சுமை இவற்றின் மேல் இருக்கிறது. காட்டுப்புலிக் குட்டிகளுக்கும் கண் திறந்த புதிதில் நீலச்சாயல் இருக்கும். வளர வளரத் தேன் நிறமாகும்.

கண்ணைப் படிக்கும்போது காதையும் சேர்த்துப் படியுங்கள். புலியின் காதுக்குப் பின்பக்கம் கருப்பு, நடுவே ஒரு வெள்ளைப் பொட்டு. காது முன்னோக்கி நிமிர்ந்திருந்தால் ஆர்வம். காதைத் திருப்பி அந்த வெள்ளைப் பொட்டு முன்னாலிருந்தே உங்களுக்குத் தெரிகிறது, நல்ல வெளிச்சத்திலும் கண்மணி பெரிதாகவே இருக்கிறது என்றால் அது கடுப்பில் இருக்கிறது. படம் பிரமாதமாக வரும், உண்மைதான். ஆனால் அந்தப் பார்வைக்குக் காரணம் உங்கள் வண்டி என்றால் டிரைவரிடம் பின்னால் எடுக்கச் சொல்லுங்கள். பார்வையின் வலிமையைப் புலியும் அறியும். சுந்தரவனத்தில் தேன் எடுக்கப் போகிறவர்கள் 1980-களில் தலையின் பின்பக்கம் மனித முகமூடி கட்டிக்கொண்டு போனார்கள், பின்னாலிருந்து பாயும் புலி தன்னைப் பார்க்கும் முகத்தின் மேல் பாயத் தயங்கும் என்று. சில காலம் பலன் தந்தது.

ராஜஸ்தானின் ரந்தம்போர் காட்டில் வாழ்ந்த மச்லி என்ற புலியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மச்லி என்றால் இந்தியில் மீன், முகத்தில் மீன் போன்ற குறி இருந்ததால் அந்தப் பெயர். 2016-இல் இறந்த அந்தப் பெண்புலியை எடுத்த அளவுக்கு வேறு எந்தப் புலியையும் யாரும் படமெடுத்ததில்லை என்பார்கள். கடைசி ஆண்டுகளில் கோரைப் பல் விழுந்து, ஒரு கண்ணில் பார்வையும் போயிருந்தது. அந்தக் காலத்துப் படங்களில் கேட்ச்லைட்டும் இல்லை, தேன்நிறமும் இல்லை, ஆனாலும் பார்ப்பவர் கண் அங்கேதான் போய் நிற்கும். அதைக் கணினியில் திருத்திப் பளபளப்பாக்கியிருந்தால் கேவலமாக இருந்திருக்கும்.

அதையே, நண்பரே, உங்கள் பந்திப்பூர் படத்துக்கும் சொல்கிறேன். கண்ணை மட்டும் தேர்ந்தெடுத்து ஸ்லைடரை இழுத்து மஞ்சள் பல்பு ஆக்காதீர்கள், காட்டுக்குப் போனவர்கள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். நிழலை அரை ஸ்டாப் தூக்குங்கள், வெள்ளைத் திட்டைக் கொஞ்சம் இறக்குங்கள், அதோடு நிறுத்துங்கள். நீங்கள் அனுப்பிய தொகுப்பில் கடைசியிலிருந்து நான்காவது படத்தை மறுபடி பாருங்கள். புலி பாதையைக் கடந்து மரத்தை மோந்து பார்க்கிறது, முகம் பாதிதான் தெரிகிறது, வால் வெட்டுப்பட்டிருக்கிறது. அதனால் ஒதுக்கிவைத்திருப்பீர்கள். நூறு விழுக்காடு பெரிதாக்கினால் இடது கண்ணின் மேல் விளிம்பில் கடுகளவு வானம் இருக்கிறது.